வீட்டில் செய்த பலகை விளையாட்டு ஏன் இரண்டு நாளில் அலுத்துப்போகிறது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். ஒன்பது வயது மகளோடும் ஆறு வயது மகனோடும் சேர்ந்து மார்கழி விடுமுறையில் மூன்று பலகை விளையாட்டுகள் செய்திருக்கிறார். மூன்றும் பார்க்க வடிவாக இருந்தனவாம், ஆனால் ஒன்றைக்கூட மூன்றாவது தடவை எடுத்து விளையாடவில்லை. ஒன்று முடியவே மாட்டேன் என்று இழுத்தது. இன்னொன்றில் சின்னவன் அழுது காயை வீசிவிட்டான். மற்றதன் மட்டை மழைக்குச் சுருண்டு போனது. "நல்ல யோசனை ஏதும் இருந்தால் தாருங்கள், இது பிள்ளைகளின் கணக்குக்கு உதவுமா என்றும் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார். யோசனை அவர் வீட்டிலேயே நிறைய இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களே. செய்த விளையாட்டு ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளோடு விளையாட்டுப் பொருள் ஆக்குகிற வேலையில் பல வருடப் பழக்கத்தை வைத்துத்தான் இந்தப் பதில். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் இது பொருந்தும்.

முதலில் ஆட வேண்டும், பிறகுதான் வரைய வேண்டும். வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து யானை, முதலை, கோயில் கோபுரம் எல்லாம் வரைந்து வர்ணம் தீட்டிவிடும். ஆடிப் பார்த்தால் முதலை இருக்கிற இடம் பிழை. அவ்வளவு பாடுபட்டு வரைந்த முதலையை அழிக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? பிழை அப்படியே நிற்க, விளையாட்டு மூலைக்குப் போய்விடும். ஆகவே முதல் நாளுக்குப் பழைய கொப்பித் தாள், பென்சில், அழிறப்பர், ஆளுக்கு இரண்டு போத்தல் மூடி போதும். அடிமட்டம்கூட வேண்டாம், கோடு கோணலாக இருக்கட்டும். யோசனை வந்து பதினைந்து நிமிடத்துக்குள் முதல் ஆட்டம் தொடங்கிவிட வேண்டும். கலர் பேனைகள் பத்து ஆட்டம் முடியும்வரை மேசை லாச்சிக்குள்ளேயே கிடக்கட்டும்.

அடுத்தது உருட்டுவது. கடுதாசியை மடித்து ஒட்டிச் செய்கிற பகடைக்கட்டை வேண்டாம். ஒட்டுகிற மடிப்பு ஒரு பக்கத்தில் பாரமாக இருப்பதால் எண்கள் ஒரே சீராக விழாது, இரண்டு நாளில் மூலையும் நசுங்கிவிடும். நம் பக்கத்தில் சோகி (சோழி) உருட்டிய வீடுகளில் இன்னும் நாலு சோகி எங்காவது இருக்கும். இல்லாவிட்டால் புளியங்கொட்டை. ஒரே அளவான நாலு கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சீமெந்துத் தரையில் தேயுங்கள். கறுத்தத் தோல் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். பாதிக் கொட்டை தேய்கிற அளவுக்குப் போனால் எடை மாறி ஒரு பக்கமே விழத் தொடங்கும். சிரட்டைக்குள் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால், எத்தனை வெள்ளை தெரிகிறதோ அத்தனை கட்டம். நாலும் கறுப்பாக விழுந்தால் எட்டு. கொட்டைகள் ஒழுங்கானவையா என்று பிள்ளையையே சோதிக்க விடுங்கள். ஐம்பது தடவை கவிழ்த்தால் மொத்தம் இருநூறு கொட்டைகள் விழுந்திருக்கும். கோடு போட்டு எண்ணும்போது வெள்ளை 86க்கும் 114க்கும் இடையில் வந்தால் பாவிக்கலாம். அதற்கு வெளியே போனால் பெரும்பாலும் கொட்டையில்தான் பிழை, வேறு கொட்டை தேயுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த எண்ணுகிற வேலையே ஒரு விளையாட்டு.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குன்றிமணியைக் காயாகவோ எண்ணுகிற மணியாகவோ வைக்க வேண்டாம். அதன் பருப்பில் உள்ள நஞ்சு உயிரைக் கொல்லக்கூடியது. ஓடு உடையாத மணியைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் பிள்ளை கடித்துவிட்டாலோ ஊசியால் துளைத்துவிட்டாலோ நிலைமை வேறு. சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி விதை இருக்கிறது. வீட்டில் தவழுகிற குழந்தை இருந்தால் எந்த விதையும் தரையில் கிடக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும்.

இனி விளையாட்டின் உள்ளே போவோம். வீட்டில் பிறக்கிற விளையாட்டுகளில் பெரும்பாலானவை பாம்பும் ஏணியும் வேறு சட்டை போட்டு வந்தவைதான். உருட்டினாய், நகர்த்தினாய், ஏறினாய், விழுந்தாய், அவ்வளவுதான். அதில் பிள்ளை தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. இரண்டு தடவை ஆடியதும் அலுத்துப்போவதற்கு முதற் காரணம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காய்க்குப் பதில் இரண்டு காய் கொடுங்கள். விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்கிற கேள்வி அந்த நிமிடமே பிறந்துவிடும். பழைய தாய விளையாட்டு இத்தனை தலைமுறை தாண்டி வந்ததற்கு அதில் காய்கள் பல இருப்பதும், வெட்டு இருப்பதும், வெட்ட முடியாத கட்டங்கள் இருப்பதும் காரணம். பின்னால் வருகிற காயைக் காப்பாற்றுவதா, முன்னால் போகிற காயை வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று பிள்ளையின் விரல் இரண்டு மூடிக்கும் நடுவில் அலையும். அந்த விரல் அலைகிறவரை விளையாட்டில் உயிர் இருக்கிறது.

இரண்டாவது வழி, இரண்டு பாதை வைப்பது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குத் தோணி போக வேண்டும். தாளின் ஒரு பக்கம் ஒரு கரை, மறுபக்கம் மற்றக் கரை. நடுவில் இரண்டு துறை. நீளமான துறையில் 12 கட்டம், ஆபத்து ஒன்றும் இல்லை. குறுக்கான துறையில் 8 கட்டம், அதில் மூன்று கட்டம் காற்றுக் கட்டம். காற்றில் வந்து நின்ற தோணிக்காரர் ஒரு முறை உருட்டாமல் இருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு தோணி. போகும்போது மீன், வரும்போது நெல். இரண்டு தோணியும் நெல்லோடு திரும்பி வந்தவர் வென்றவர்.

காற்றுக் கட்டம் ஏன் மூன்று என்பதில்தான் பெற்றவருடைய பங்கு இருக்கிறது. நான் சொன்னபடி நாலு கொட்டை உருட்டினால் ஒரு தடவைக்குச் சராசரி இரண்டரைக் கட்டம் கிடைக்கும். நீளமான துறைக்கு 12 ஐ 2.5 ஆல் வகுத்தால் 4.8, அதாவது ஏறத்தாழ ஐந்து உருட்டல். குறுக்கான துறைக்கு 8 ஐ 2.5 ஆல் வகுத்தால் 3.2. ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் தோணி வந்து நிற்கிற வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் நாலு. ஆகவே மூன்று காற்றுக் கட்டத்தால் சராசரி 1.2 உருட்டல் வீணாகும். 3.2 உம் 1.2 உம் 4.4. நீளமான துறையின் 4.8 க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, எதைத் தெரிவு செய்வது என்று பிள்ளை யோசிக்கும். மகள் உற்சாகத்தில் ஐந்து காற்றுக் கட்டம் வைத்தால் 5.2 ஆகிவிடும், குறுக்குத் துறைப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். ஒன்று மட்டும் வைத்தால் 3.6, நீளமான துறை வெறிச்சோடிப் போகும். இந்தக் கணக்கைப் பிள்ளைக்குப் பாடமாக எடுக்க வேண்டாம். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு, ஐந்து காற்று வைத்து ஒரு ஆட்டம் ஆட விடுங்கள். "ஏன் ஒருத்தரும் இந்தப் பக்கம் போகல்ல?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு கட்டத்தை மகளே அழித்துவிடுவாள். அவள் சட்டம் போடுகிறவள், நீங்கள் எண்களைப் பார்த்துக்கொள்கிறவர். இந்தப் பங்கீடு மாறி எல்லாவற்றையும் அப்பாவே திருத்தத் தொடங்கினால் அது அப்பாவின் விளையாட்டாகிவிடும்.

முடியவே முடியாத விளையாட்டுக்கும் எண்கள்தான் காரணம். அறுமுகப் பகடைக்கட்டை பாவித்தால் சராசரி மூன்றரை. ஒரு குறிப்பிட்ட பாம்பின் தலையில் காய் நிற்கிற வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் இரண்டு. பத்துப் பத்துக் கட்டம் இறக்குகிற ஆறு பாம்பு போட்டால் ஒரு முறை கடப்பதற்குள் சராசரி 17 கட்டம் பின்னால் போகும், போன பிறகு அதே பாம்புகளைத் திரும்பவும் கடக்க வேண்டும். 40 கட்டப் பலகைக்கு இரண்டு பாம்பு போதும். அதைவிட மோசமானது "சரியான எண் விழுந்தால்தான் வீட்டுக்குள் போகலாம்" என்கிற சட்டம். கடைசி ஆறு கட்டத்துக்குள் வந்த காய்க்கு ஒவ்வொரு உருட்டலிலும் ஆறில் ஒன்றுதான் வாய்ப்பு, ஆகவே சராசரி ஆறு முறை அங்கேயே காத்திருக்கும். புளியங்கொட்டையில் இன்னும் கடினம், வீட்டுக்கு நாலு கட்டம் இருந்தால் நாலு விழுகிற வாய்ப்பு 16இல் ஒன்று. சின்னவன் அழுதது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள், கூட விழுந்தாலும் போகலாம் என்று வையுங்கள். நேரத்தையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். மேலே சொன்ன தோணி விளையாட்டில் ஒருவருக்கு ஏறத்தாழ 20 உருட்டல், மூன்று பேருக்கு 60, ஒன்றுக்குக் கால் நிமிடம் என்றால் 15 நிமிடம். ஆறு வயதுக்கு அது அளவான நேரம். இருபது நிமிடத்தைத் தாண்டினால் பாதையை வெட்டிக் குறையுங்கள்.

சண்டை வருவதற்குப் பெரும்பாலும் அளாப்பல், அதாவது ஏமாற்றி ஆடுவது, காரணமில்லை. சட்டம் சொல்லப்படாமல் விட்ட இடம்தான் காரணம். எந்த விளையாட்டானாலும் நாலு கேள்விக்குத் தொடங்குமுன் பதில் இருக்க வேண்டும்: காற்றுக் கட்டத்தைத் தாண்டினால் தண்டனையா, நின்றால்தான் தண்டனையா? ஒரு கட்டத்தில் இரண்டு காய் நிற்கலாமா? வெட்டுப்பட்ட காய் எங்கே போகும்? எட்டு விழுந்தால் இன்னொரு உருட்டல் உண்டா? பதிலை ஒரு கொப்பியில் மகள் தன் கையெழுத்தில் எழுதட்டும், எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். ஆட்டத்துக்கு நடுவில் சட்டம் மாறக் கூடாது, முடிந்த பிறகு ஒன்றே ஒன்றை மாற்றலாம். ஒன்று என்பதில் உறுதியாக இருங்கள். மூன்றை ஒரேயடியாக மாற்றினால் விளையாட்டு நல்லதானதற்கும் கெட்டதற்கும் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. பழைய சட்டத்தை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டுத் திகதி எழுதினால், சரிவராவிட்டால் திரும்பிப் போகலாம்.

தோற்கும்போது சட்டத்தை மாற்றுகிற ஆறு வயதுப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் பியாஜே கோலி விளையாடுகிற பிள்ளைகளைக் கவனித்து 1932இல் எழுதியபடி, சின்ன வயதில் பிள்ளைகள் சட்டத்தைப் பெரியவர்களிடமிருந்து வந்த மாற்றமுடியாத ஒன்றாக நினைக்கிறார்கள், ஆனால் ஆடும்போது அவரவர் விருப்பப்படி ஆடுகிறார்கள். சட்டம் என்பது ஆடுகிறவர்கள் கூடிச் செய்கிற ஒப்பந்தம் என்பது பத்து வயதை அண்டித்தான் நன்றாக விளங்குகிறது. அவர் சொன்ன வயதெல்லைகள் எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தாது. தம்பிக்கும் அக்காவுக்கும் நடுவில் நடக்கிற இழுபறி ஏன் என்று விளங்கிக்கொள்ள மட்டும் அது உதவும். அப்பா வேண்டுமென்று தோற்றுக்கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு வெற்றிக்கு மதிப்பே இருக்காது. அதற்குப் பதிலாகச் சின்னவருடைய தோணி மூன்று கட்டம் முன்னால் தொடங்கும் என்று எல்லார் முன்னாலும் சட்டமாக்குங்கள். அவர் தொடர்ந்து இரண்டு தரம் வென்றால் இரண்டாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஆடுகிற வகையைச் செய்யுங்கள். பெரும்போக வயலில் கதிர் முற்றிவிட்டது, ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளம் ஒரு கட்டம் ஏறுகிறது, அது வரம்பைத் தாண்டுமுன் எல்லாருமாகச் சேர்ந்து பன்னிரண்டு மூட்டையை வாடிக்குச் சுமந்துவிட வேண்டும். அழுகை அன்றே குறையும் என்று உத்தரவாதம் தர முடியாது. எனக்குத் தெரிந்தவரை இந்த வயதில் நன்றாக எடுபடுகிற வகை இதுதான்.

வயலும் வாவியும் யானையும் நெல்லை அழிக்கிற அறக்கொட்டிப் பூச்சியும் எல்லாம் நல்ல கருக்கள். கடலைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் பாருங்கள். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் நம் கரையோரத்தில் பல வீடுகளுக்கு வெறும் கதை இல்லை. "கடலலை வந்தது, காய் போச்சு" என்று பிள்ளை எழுதுகிற சீட்டைப் பார்த்து அம்மம்மா எழும்பிப் போகக்கூடும். தடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளையே கேட்டால், உயரமான இடத்துக்கு ஓடித் தப்புகிற விளையாட்டாக அதைச் செய்யலாம்.

உருட்டுவதே வேண்டாம் என்கிற வீடுகளும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. ஒன்று முதல் ஆறு வரை எழுதிய ஆறு சீட்டை ஆளுக்கொரு கட்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் தான் விரும்பிய சீட்டைப் போட்டு அவ்வளவு நகர்த்த வேண்டும், ஆறும் தீர்ந்த பிறகுதான் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம். எல்லாருக்கும் ஆறு முறையில் சரியாக 21 கட்டம், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, எதை எப்போது போடுவது என்பதில்தான் திறமை. மகளுக்கு இது உருட்டுவதைவிடப் பிடிக்கலாம். இன்னொரு வழி ஆடு புலி ஆட்டத்தின் பலகையை எடுத்து மாற்றுவது. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலியை யானையாக்கி, ஆட்டைக் காவல்காரராக்கி, ஒரு கோட்டைச் சேர்த்தோ எடுத்தோ பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத விளையாட்டு என்பதால் பக்கம் மாறி இரண்டு ஆட்டம் ஆடினால்தான் எது கூடப் பலம் என்று தெரியும்.

கணக்குக்கு உதவுமா என்ற கேள்விக்கு அளந்துதான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கீதா ரமணி, ரொபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகள் ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் எண் எழுதிய பலகையில் சில தடவை ஆடியதும் எண்ணறிவில் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது, கட்டங்களில் எண் எழுதுங்கள், ஐந்தில் நிற்கிற காய்க்கு மூன்று விழுந்தால் பிள்ளை "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணாமல் "ஆறு, ஏழு, எட்டு" என்று சொல்லி நகர்த்தட்டும். சின்னவருக்கு இதில் பயன் இருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. மகளுடைய ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளி இதனால் கூடும் என்று சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை, நானும் சொல்ல மாட்டேன். சட்டத்தை ஐயமில்லாமல் எழுதிப் பழகுவது மொழிக்கு நல்லது என்பது என் எண்ணம், அதை நிரூபித்த விஷயமாக எடுக்க வேண்டாம்.

பத்து ஆட்டம் தாண்டிய விளையாட்டுக்கு இனி மட்டை வெட்டலாம். போத்தல் மூடி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் அகலம், ஆகவே கட்டம் 4 சென்ரிமீற்றர். 12 கட்டத்துக்கு 48, இரண்டு கரைக்கும் ஐந்தைந்து, மொத்தம் 58. இரண்டு ஏ4 தாளை நீளவாக்கில் சேர்த்தால் அடங்கிவிடும். அடியில் பிஸ்கற் பெட்டி மட்டையை இரட்டையாக வையுங்கள், ஒன்றின் வரிகள் நெடுக்காகவும் மற்றதன் வரிகள் குறுக்காகவும் இருக்க வேண்டும். மட்டை சுருண்டதற்கு மழை பாதிக் காரணம்தான். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் பசையின் ஈரத்தில் தாள் விரிந்து, காயும்போது சுருங்கி, மட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கத்திலும் அதே தடிப்பான தாளை அதே பசையால் அன்றைக்கே ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமனாகும். பசையை மெல்லியதாகப் பூசி, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். கோதுமை மாப் பசை மழை மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் அரிக்கும், தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசை நல்லது. நடுவில் மடிக்க வேண்டுமானால் மட்டையை இரண்டாக வெட்டிப் பின்பக்கம் துணிப்பட்டி ஒட்டுங்கள். படம் உள்ளே வரும்படி மடிய, இரண்டு பாதிக்கும் நடுவில் மட்டைத் தடிப்பைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். இரட்டை மட்டை 6 மில்லிமீற்றர் என்றால் இடைவெளி 12. அந்த இடைவெளியில் கட்டம் எதுவும் விழாதபடி, ஆறாவது கட்டத்துக்கும் ஏழாவதுக்கும் நடுவில் மடிப்பு வரட்டும். இந்த 12 மில்லிமீற்றர் கூடுவதால் தாளையும் அந்த இடத்தில் இரண்டாக வெட்டியே ஒட்டுங்கள்.